மக்கும் பை மக்குமா?

வேண்டும்போது தானே சிதைந்துவிடும் பிளாஸ்டிக் பற்றிய செய்திகள் இக்காலத்தில் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றைக் கேட்ட நம் கிராம மக்கள் மகிழ்வதைவிட ஐயுறுவதே மிகுதி. ‘மக்கும் என்று அச்சிட்ட பை எங்கள் குப்பைக் குழியில் அப்படியே கிடக்கிறதே’ என்று கிராம சபையில் வினவுகின்றனர். இதனைப் பாமரர் ஐயம் என்று ஒதுக்கும் அலுவலர் சிலர் உளர். அது முறையன்று.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஐவகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் இட்டுச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். மக்கும் எனப் பெயரிட்டு விற்ற பை ஒன்று மூன்றாண்டுக்குப் பின்னரும் கடைச் சாமான்களைத் தாங்கிற்று! உரமாகும் எனக் குறித்த மற்றொரு பை கடலில் மூன்று மாதத்திற்குள் மறைந்தது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் எஞ்சியிருந்தது. ஆகவே ‘மக்குமா?’ என்று மட்டும் கேட்பது போதாது, ‘எங்கே மக்கும்?’ என்றும் கேட்டல் வேண்டும்.

சிதைதல் வேறு, மக்குதல் வேறு. பாலிதீனில் சில உலோக உப்புகளைக் கலந்தால் அது வெயிலில் நொறுங்கும். துகள்களோ மண்ணில் தங்கும். இவ்வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்தது. நுண்ணுயிர்கள் உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுவதே மக்குதல்.

நம் நாட்டில் உரமாகும் பைகளுக்கு ஐ.எஸ். 17088 என்னும் தரம் உண்டு. அதற்குரிய சோதனை ஏறத்தாழ 58 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் நடைபெறுகின்றது. சாணமும் ஈரமும் காற்றும் நிறைந்த எருக்குவியலில் இவ்வெப்பம் சில நாட்கள் எழக்கூடும். மண்புழு உரத் தொட்டியிலோ எழவே கூடாது. எழுந்தால் புழுக்கள் மடியும். நம் ஊராட்சிகள் பலவற்றில் இருப்பது இத்தொட்டியே.

ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் தக்குசோ ஐடா குழுவினர் 2024-இல் அறிவித்த பிளாஸ்டிக் உப்பு நீரில் சில மணி நேரத்தில் கரைகின்றது. கடலுக்கு இது நற்செய்தியே. ஆனால் ஊறுகாயையும் கருவாட்டையும் அதில் எங்ஙனம் கட்டுவது? நீர் ஒட்டாத மேற்பூச்சு இட்டால் தாங்கும் என்கின்றனர். பூச்சு கீறாதவரை கரைவதும் தடைப்படுமன்றோ?

ஐயத்தைச் சொல்லால் தீர்ப்பதைவிடச் செயல்முறை விளக்கத்தால் தீர்ப்பதே நன்று. பையில் உற்பத்தியாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் உள்ளனவா என முதலில் பார்க்கவும். பின்னர் அதில் ஒரு துண்டையும் வாழையிலைத் துண்டையும் தனித்தனி வலைப்பைகளில் கட்டி, ஊராட்சியின் எருக்குழியிலேயே புதைக்கவும். 12 வாரம் கழித்துத் தூய்மைக் காவலர் அவற்றை எடுத்து, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துக் கிராம சபையில் காட்டலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் சல்லடையில் தங்கலாகாது என்பதே மேற்சொன்ன தரத்தின் அளவு.