மானியமும் வாரக்குடிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அர்கன்சா என்னும் மாநிலம் உளது. அதன் வடகிழக்கே அமைந்தது பாயின்செட் மாவட்டம். மிசிசிப்பிப் பேராற்றின் வண்டல் படிந்த அப்பகுதி பருத்திக்குப் பெயர்பெற்றது. ஆயினும், அப்பருத்தியை விதைத்துக் களைபறித்துக் கொய்து தந்தவர் பெரும்பாலோர்க்கு ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. அவர்கள் வாரக்குடிகள். விளைவிற் பாதி நிலக்கிழார்க்கு உரியது. மறுபாதியிலும் கடன் போக எஞ்சுவது சிறிதே.

1929-ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் பருத்தி விலை ராத்தல் ஒன்றுக்கு ஆறு சென்டு அளவிற்கு இறங்கிற்று. 1933 மே திங்களில் ரூசுவெல்ட் ஆட்சி வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. விளைவைக் குறைத்தால் விலை உயரும். குறைப்பவர்க்கு அரசு பொருள் வழங்கும் என்பதே அதன் கருத்து. சட்டம் பிறக்குமுன்னரே பயிர் வளர்ந்துவிட்டது. ஆதலின் அவ்வாண்டுக் கோடையில் நாடெங்கும் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. செடியை மிதியாது சாலின்வழி நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், அவற்றின்மேல் நடக்க மறுத்து நின்றன என்பர். அவ்வாயில்லா உயிர்கட்கும் அது முறையன்றெனத் தோன்றிற்றுப் போலும்!

விலை ஏறிற்று. ஆனால் மானியம் யார் கைக்குச் சென்றது? அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது நிலக்கிழாருடன். குடியின் பங்கை அவரே பிரித்துத் தருதல் வேண்டும். தாராதார் பலர், பழங்கடனுக்கு ஈடென்று எடுத்துக்கொண்டார் பலர். நிலம் குறைந்தபின் இத்தனை குடிகள் எதற்கு என வெளியேற்றியோரும் உளர். குடிகளின் எண்ணிக்கையைக் குறைத்தலாகாது என 1934-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கூறியது உண்மையே. ஆனால் ‘இயன்ற அளவில்’ என்றொரு தொடர் அதனுள் இருந்தது. அச்சிறு தொடரே குடிகளை வீட்டினின்று வெளியேற்றப் போதுமானதாயிற்று. முறையிடலாம் எனின், முறைகேட்கும் மாவட்டக் குழுவினரிற் பெரும்பாலோர் நிலக்கிழார்களே!

1934 சூலையில் அம்மாவட்டத்து டைரன்சா என்னும் ஊருக்கு அருகே பள்ளிக்கட்டடம் ஒன்றில் பதினெண்மர் கூடினர். வெள்ளையர் பதினொருவர், கறுப்பர் எழுவர். இருசாராரும் ஒரே பந்தியில் உண்ணவும் இயலாத காலம் அது. எனினும், சங்கம் ஒன்றே எனத் துணிந்தனர். தென்னகக் குத்தகை உழவர் சங்கம் இங்ஙனம் தோன்றிற்று.

இருந்த குடிகளையே தொடர்ந்து வைத்திருத்தல் வேண்டும் என ஒப்பந்தத்திற்குப் பொருள் கண்ட அரசு வழக்கறிஞர் சிலர், 1935 பிப்பிரவரியில் பதவி இழந்தனர். மறு ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தையே செல்லாதெனத் தள்ளிற்று. பின்வந்த திட்டங்களில் குடியின் பங்கு நேரே அவனுக்கே செல்லும் வழி பிறந்தது. அப்போது நிலக்கிழார் பலர் தம் குடிகளைக் கூலியாட்களாக மாற்றிவிட்டனர். கூலியாளுக்கு மானியத்திற் பங்கில்லை. அங்ஙனம் முழுதும் தம்மிடம் தங்கிய தொகையைக் கொண்டு டிராக்டர் வாங்கியோரும் உண்டு. டிராக்டர் வந்த வயலிற் கூலியாளுக்கும் வேலை குறைந்தது.