கேஸ் ஷீட் கம்ப்யூட்டருக்குப் போனால்...

அமெரிக்காவில் டாக்டர்களின் கேஸ் ஷீட் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதைச் சுற்றி உலவும் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: டாக்டர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே அலர்ஜி, அதனால்தான் மாறத் தாமதித்தார்கள்.

உண்மை: தடுத்தது செலவுதான். மென்பொருளுக்குப் பணம் கட்டுவது கிளினிக். ஒரே பரிசோதனையை மறுபடி செய்யாததால் மிச்சமாகும் பணமோ காப்பீட்டு நிறுவனத்துக்கு. 2009-இல் வந்த ஹைடெக் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் டாக்டர் ஒருவருக்கு 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. 2015 முதல், மாறாதவர்களுக்கு மெடிகேர் தரும் கட்டணத்தில் பிடித்தம் விழுந்தது. 2008-இல் 42 சதவீத கிளினிக் டாக்டர்களிடம் இருந்த மின்னணுப் பதிவேடு, 2021-இல் 88 சதவீதத்தை எட்டியது.

நம்பிக்கை 2: டாக்டருக்கு நேரம் மிச்சம்.

உண்மை: 57 டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. நோயாளியோடு ஒரு மணி நேரம் என்றால், பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பில்லுக்கும் காப்பீட்டுக்கும் வேண்டிய கட்டங்களையும் அவர்தானே நிரப்ப வேண்டும்! மீதியை இரவில் வீட்டில் முடிப்பதற்கு ‘பைஜாமா டைம்’ என்றே பெயர்.

நம்பிக்கை 3: கிறுக்கல் கையெழுத்து ஒழிந்தால் மருந்துத் தவறும் ஒழியும்.

உண்மை: பாதி சரி. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் கம்ப்யூட்டரில் மருந்து எழுதத் தொடங்கியபின் கடுமையான தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்றது 1998 ஆய்வு. ஆனால் வேறொரு பெரிய மருத்துவமனையில் இதே வசதி 22 வகைத் தவறுகளுக்கு வழிவிட்டதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. உதாரணம்: வழக்கமான அளவு 20 அல்லது 30 மில்லிகிராம். மருந்தகத்தில் இருப்பதோ 10 மில்லிகிராம் மாத்திரை. திரையிலும் அதுவே தெரியும். அதுதான் குறைந்தபட்ச அளவு என்று இளம் டாக்டர்கள் நினைத்துவிட்டார்கள். ஒரே நோயாளியின் மருந்துகளை முழுவதும் பார்க்க 20 திரைகள் வரை புரட்ட வேண்டியும் இருந்தது.

நம்பிக்கை 4: குறிப்பு நீளமாக இருந்தால் டாக்டர் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

உண்மை: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் குறிப்புகளை அலசி 2017-இல் வந்த ஆய்வின்படி, புதிதாகத் தட்டச்சு செய்தது 18 சதவீதம் மட்டுமே. 46 சதவீதம் காப்பி-பேஸ்ட். மீதி, கம்ப்யூட்டரே இழுத்துப் போட்டது. எப்போதோ குணமான நிமோனியாகூட இப்படி ஒட்டிக்கொண்டே வரலாம். 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் நோயாளிகள் தங்கள் குறிப்பைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தங்களுக்கு இப்போது நிமோனியா இல்லை என்பது அவர்களுக்குத்தானே முதலில் தெரியும்!