நோய்ப்படமும் அது கற்பிக்கும் பாடமும்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். ஒரே தெருவில் இருவர் மூவருக்கு இந்நோய் காணுமாயின், அத்தெருவினர் தம் சுற்றுப்புறத்தின்மீது ஐயங்கொள்வது இயல்பு. கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி வீடுகள் நெருங்கிய பகுதி. சரக்கு லாரிகளின் புகையும் கழிவு தேங்கிய கால்வாய்களும் அங்கு அன்றாடக் காட்சிகள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றியபோது கொச்சி நகரைப் பல நாட்கள் புகை சூழ்ந்தது. இத்தகைய ஊரில் மக்கள் அஞ்சும் இடங்களையும் நோயுற்றோரின் வீடுகளையும் ஒரே படத்தில் குறிப்பது, அச்சத்தை ஆராயத்தக்க வினாவாக மாற்றும் வழியாகும்.

ஊர்ப்படத்தை ஊராரே வரைவது கேரளத்திற்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி மக்கள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் துணையுடன் தம் ஊரின் நிலவளங்களைப் படமாக்கினர். ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் மேற்கு ஐஸ்லிப் என்னும் ஊர்ப் பெண்கள், வினாத்தாள் வழங்கித் தகவல் திரட்டி, மார்பகப் புற்றுநோய் கண்ட வீடுகளைப் படத்தில் குறித்தனர். அவர்களும் பிறரும் விடாது வலியுறுத்தியதன் பயனாக, 1993-இல் அந்நாட்டுச் சட்டமே ஒரு விரிவான ஆராய்ச்சிக்கு ஆணையிட்டது.

அதன் முக்கிய முடிவுகள் 2002-இல் வெளியாயின. டி.டி.டி. முதலிய குளோரின் சேர்மங்களின் இரத்த அளவுக்கும் நோய்க்கும் தொடர்பு புலப்படவில்லை. பொருள்கள் எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வகையில் மட்டும் சிறிதளவு தொடர்பு தென்பட்டது. ஆயின், நோய் கண்டபின் எடுத்த இரத்தம் இளமைப் பருவத்தில் உடலுட் சென்ற நஞ்சினை முற்றிலும் காட்டாது. கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை சேமித்த இரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. டி.டி.டி. பரவலாகப் புழக்கத்திற்கு வந்த 1945-இல் 14 வயதுக்குட்பட்டிருந்தோருள், இரத்தத்தில் அது மிகுந்திருந்தவர்க்கு, குறைந்திருந்தவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக 50 வயதிற்குள் இந்நோய் தோன்றியது. மூத்தவர்களிடம் அத்தொடர்பு காணப்படவில்லை.

இதனால் பெறப்படும் முதற்பாடம் யாதெனில், நோயாளியின் இன்றைய முகவரி மட்டும் போதாது என்பதே. திருமணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த ஒருத்தி, சிறுமியாக வளர்ந்தது வேறோர் ஊராக இருக்கலாம். ஆகவே, எந்த வயதில் எங்கு வாழ்ந்தார் என்பதும் படத்தில் இடம்பெறல் வேண்டும்.

இரண்டாம் பாடம் கேரளத்திலேயே உள்ளது. கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியின் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால், அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அதனால் புற்றுநோய் பெருகுமோ என்ற ஐயம் எழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளை மட்டும் எண்ணாமல், 69,958 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். 2005 முடிய அவர்களுள் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. எனினும், அதிகக் கதிர்வீச்சுப் பெற்றோரிடம் நோய் கூடுதலாக இல்லை என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. நோயற்றோரையும் எண்ணினாலன்றி விகிதம் தெரியாது. மக்கள் நெருங்கிய தெருவில் புள்ளிகளும் நெருங்கியே காணப்படும். முதியோர் மிகுந்த தெருவிலும் அவ்வாறே. ஏனெனில், வயது ஏற ஏற இந்நோயின் வாய்ப்பும் ஏறுகிறது.

எனவே, மக்கள் வரையும் படம் தீர்ப்பன்று. எனினும், எங்கு அளந்து பார்க்க வேண்டும் என்பதை அது அதிகாரிகளுக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் சுட்டுகிறது. அச்சுட்டலைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது. படத்தில் வீடுகளைக் குறிக்குங்கால் நோயாளியின் பெயரை மறைத்தல் கடமையாகும். காரணத்தைத் தேடும் பணி பல்லாண்டுகள் நீளக்கூடும். மார்பகத்தில் கட்டியோ தோலில் மாற்றமோ காணும் பெண் அதுவரை காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் இந்நோய் பெரும்பாலும் குணமாகத் தக்கது.