புதிய கணிப்பொறிக்குப் பெயரும் நேரமும்

பழைய கணிப்பொறி ஒன்றை வெறும் வட்டுடன் எங்கள் பதினோராம் வகுப்பினரிடம் ஒப்படைத்து, “இதில் யூனிக்ஸை ஏற்றிப் பாருங்கள்” என்றார் எங்கள் ஆசிரியை. ஏற்றுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஏற்றிய பிறகு அதற்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டிய சில சங்கதிகளில்தான் தவறினோம். அந்தத் தவறு அணிகளுக்கிடையே நடந்த வினாடி வினாப் போட்டியின் முடிவையே மாற்றிவிட்டது. அடுத்து அந்த அறைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறோம்.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரே அதன் முதன்மையான கர்த்தாக்கள். பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அது வேறொரு கிளையாக வளர்ந்தது. அந்தக் கிளையில் 1993-இல் தோன்றியது ஃப்ரீ-பிஎஸ்டி. விலையில்லாமல் கிடைப்பதால் நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஏற்றும்போதே அது தன் பெயரைக் கேட்கும். ஒரே கம்பியில் பல இயந்திரங்கள் சேரும்போது ஒன்றை மற்றொன்று அடையாளம் காண இந்தப் பெயர் வேண்டும். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி உண்டு. இடைவெளி கூடாது, அடிக்கோடும் கூடாது. “முத்து மாலை” என்று இரண்டு சொல்லாக வைக்க ஆசைப்பட்ட தோழிக்கு ஏமாற்றம்தான். கடைசியில் “குறிஞ்சி” என்று வைத்தோம். பிற்பாடு மாற்ற விரும்பினால் ஆர்சி-கான்ஃப் என்ற கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். அது சாதாரண எழுத்துக் கோப்பு. யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். யூனிக்ஸில் எங்களுக்கு மிகவும் பிடித்த குணம் இது.

அடுத்து ரூட். யூனிக்ஸில் சர்வ அதிகாரமும் பெற்ற ஒரே கணக்குக்கு இதுவே பெயர். ரூட்டாக உள்ளே நுழைந்தவர் எந்தக் கோப்பையும் அழிக்கலாம், கடிகாரத்தையும் திருப்பலாம். “உண்மையாகவா?” என்று இயந்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகவே ரூட்டுக்கு நீளமான பாஸ்வேர்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அன்றாட வேலைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு திறக்க வேண்டும். அவசியம் நேர்ந்தால் ரூட்டாக மாறும் உரிமை யாருக்கு வேண்டுமோ, அவரை மட்டும் “வீல்” என்ற குழுவில் சேர்த்தால் போதும். குழுவில் இல்லாதவர் ரூட்டின் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருந்தாலும், தம் கணக்கிலிருந்து ரூட்டாக மாற முடியாது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தும், சோம்பல் காரணமாக நாங்கள் ஐந்து பேரும் முதல் நாள் முழுவதும் ரூட்டாகவே வேலை செய்தோம்.

இனி நேரம். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

யூனிக்ஸ் தன் மனத்துக்குள் காலை, மாலை என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்ற ஓர் எண்ணை மட்டுமே அது வைத்திருக்கிறது. நம் நாட்டில் அப்போது விடியற்காலை 5:30 மணி. கோப்பு ஒன்றைச் சேமிக்கும் போதெல்லாம் அந்த எண்ணே அதன் மேல் முத்திரையாக விழுகிறது. திரையில் நாம் பார்க்கும் மணி, அந்த எண்ணுடன் நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும் காட்சி மட்டுமே. எந்த நாட்டுக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொது நேரத்தையே காட்டும்.

ஆசியா, பிறகு இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் அது “ஆசியா/கொல்கத்தா” என்று குறித்துக்கொள்ளும். சென்னை எங்கே என்று எங்களுள் சிலருக்குக் கோபம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் ஒரு நகரின் பெயரே போதுமாம். ஆனால் 1906-க்கு முன் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னர், ரயில்கள் ஓடியது மதராஸ் நேரப்படி. இன்றைய நேரத்துக்கு அது 8 நிமிடம் 50 விநாடி பின்தங்கியது. கொல்கத்தா என்ற அந்தப் பதிவுக்குள்ளேயே இந்த மதராஸ் நேரமும் எழுதப்பட்டிருக்கிறது என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனோம்.

நாங்கள் செய்த தவறு இதுதான். காலை 10:00 மணிக்குத் திரை 4:30 என்று காட்டியது. நாட்டைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டோம் என்று தோன்றவில்லை. கடிகாரம்தான் தவறு என்று எண்ணி, ரூட்டின் அதிகாரத்தால் அதை 10:00 என்று திருப்பினோம். திரை சரியாகிவிட்டது. உள்ளே இருந்த எண்ணோ 19,800 விநாடி முன்னால் ஓடிவிட்டது. சாதாரணக் கணக்கில் இருந்திருந்தால் கடிகாரத்தைத் தொடவே இயந்திரம் விட்டிருக்காது.

10:20-க்கு, அணிகளின் சராசரியைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலை சி மொழியில் எழுதி, “மேக்” என்ற கருவியால் ஓடும் வடிவத்துக்கு மாற்றினோம். 11:00 மணிக்கு ஆசிரியை வந்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். திரை உடனே மாலை 4:30 என்றது. “ஆகா, பிசகிவிட்டதே” என்று 11:00-க்குத் திருப்பிவிட்டோம். எல்லாம் சரியாயிற்று என்று நினைத்தோம். ஆனால் 10:20-க்கு உண்டான கோப்பின் மேல் இருந்த முத்திரை அன்று பிற்பகல் 3:50. அந்த நேரம் இன்னும் வரவே இல்லை!

நிரல் நீல அணிக்கும் பச்சை அணிக்கும் 78.00 என்றே காட்டியது. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும் என்பது அப்போது நினைவுக்கு வந்து, 11:20-க்குத் திருத்தி மறுபடியும் மேக் கொடுத்தோம். மூலம் புதியதா, மாற்றிய வடிவம் புதியதா என்று முத்திரையை மட்டுமே பார்ப்பது மேக்கின் வழக்கம். 3:50 என்பது 11:20-க்குப் பிந்தியதல்லவா? “ஏற்கெனவே புதிதாகத்தான் இருக்கிறது” என்று பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அதை நல்ல செய்தி என்று எண்ணிப் பழைய நிரலையே ஓட்டினோம். மீண்டும் 78.00. திருத்திய பிறகும் அதே விடை என்றால் உண்மையிலேயே சமம்தான் என்று முடிவு கட்டி, இரு அணிக்கும் முதலிடம் என்று பலகையில் எழுதிவிட்டோம்.

மறுநாள் ஒரு மாணவியின் தந்தை பென்சிலால் வகுத்து அனுப்பினார். நீல அணியில் 6 பேர், மொத்தம் 469, சராசரி 78.17. பச்சை அணியில் 7 பேர், மொத்தம் 551, சராசரி 78.71.

இப்போது நாங்கள் பின்பற்றும் முறை: முதலில் நாடு, பிறகே கடிகாரம். “டேட்” என்று கட்டளை கொடுத்தால் நம் நேரமும், “டேட் மைனஸ் யு” என்று கொடுத்தால் பொது நேரமும் வரும். இரண்டுக்கும் சரியாக ஐந்தரை மணி இடைவெளி இருக்கிறதா, முதலாவது கைக்கடிகாரத்துடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். பிறகு என்டிபிடி என்ற சேவையைத் தொடங்கி வைக்கிறோம். அது இணையத்திலுள்ள நேர நிலையங்களைக் கேட்டுக் கடிகாரத்தைச் சீராக வைத்திருக்கும். ஆனால் வித்தியாசம் 1,000 விநாடிக்கு மேல் இருந்தால் சாதாரணமாக அது பயந்து நின்றுவிடும். ஆகவே தொடங்கும்போது ஒரு முறை மட்டும் எவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் சரிசெய்துகொள்ள அனுமதி கொடுக்க வேண்டும். ஏற்றும்போதே அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கடிகாரம் பிசகியிருந்தபோது உண்டான கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக மாற்றிக்கொண்டோம்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் திருத்தத்தை நாங்களே வாசித்தோம். கோப்பை பச்சை அணிக்குப் போயிற்று. நீல அணித் தலைவி எங்களுடன் இரண்டு நாள் பேசவில்லை. ஐந்து பேருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. வீல் குழுவில் ஆசிரியை மட்டுமே இருக்கிறார். ரூட்டின் பாஸ்வேர்டு உறையிலிடப்பட்டு அவருடைய அலமாரியில் பூட்டியிருக்கிறது.