நாய்க்குட்டியின் உடல் வெப்பமும் நோயின் அறிகுறிகளும்

நோயாளியின் நெற்றியைத் தொட்டே காய்ச்சலை அறிவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அதே கையால் நாய்க்குட்டியைத் தொட்டால், நலமாயிருக்கும் குட்டியும் சுடுவதாகவே தோன்றும். மனிதருக்கு 98.6 பாரன்ஹீட் இயல்பு என்றால், வளர்ந்த நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்னும் கருத்தும் நம்பத்தக்கதன்று. வெப்பமானியே உண்மையைச் சொல்லும்.

வயதுக்கேற்ற இயல்பு வெப்பம் (பாரன்ஹீட்)

• முதல் வாரம்: 95 – 99
• இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: 97 – 100
• நான்காம் வாரம்: 99 – 101
• அதன் பின்னர்: படிப்படியாக 101 – 102.5

அளக்கும் முறை

எண் காட்டும் டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, குட்டியின் வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நுழைத்து, ஒலி கேட்கும் வரை பிடித்திருக்க வேண்டும். அந்த வெப்பமானியைத் தனியே குறியிட்டு வையுங்கள். வீட்டிலுள்ளோருக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

குளிர்ச்சியும் ஆபத்தே

காய்ச்சலுக்கு அஞ்சும் நாம் குளிர்ச்சியைக் கவனிப்பதில்லை. பிறந்த புதிதில் குட்டிகளுக்கு நடுங்கி வெப்பம் பெறும் திறன் இல்லை. வலையபட்டி முதலிய நம் செட்டிநாட்டு ஊர்களில், கோடையில் இதமளிக்கும் ஆத்தங்குடிக் கல் தரையே மார்கழி இரவில் அவற்றின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். சாக்கும் துணியும் விரித்துத் தாயின் அருகில் கிடத்துங்கள். உடல் குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள், அதற்குச் செரிக்காது. துணியால் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்றிய பின்னரே பால் தர வேண்டும்.

சித்திரை வெயிலில் குட்டி கடுமையாக இளைத்துத் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம்.

உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகள்

• வெப்பம் 104-க்கு மேல், அல்லது ஒரு மாதம் கடந்த குட்டிக்கு 99-க்குக் கீழ்
• தொடர் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல்
• வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த ஈறு
• பால் குடியாமை, ஓயாத முனகல், சோர்வு, வலிப்பு

வாந்தியும் இரத்தக் கழிச்சலும் பார்வோ நச்சுயிரியின் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் வெப்பம் இறங்கினால் குணமாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது நிலைமை மோசமாவதன் குறியாகவும் இருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாள்களில் தொடர்வதே இந்நோய்க்குத் தக்க காப்பு. உங்களுக்கு எழுதித் தந்த பாராசிட்டமால், இபுபுரூஃபன் முதலிய மாத்திரைகளைக் குட்டிக்குக் கொடாதீர்கள். அவை அதற்கு நஞ்சாகலாம்.

உங்கள் நலமும் முதன்மையே

புற்றுநோய் மருத்துவம் பெறுவோர் முதலிய எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், நோயுற்ற குட்டியின் கழிவைத் துப்புரவு செய்யாமல் அப்பணியைப் பிறரிடம் விடுவது நலம்.

குட்டி காரணமின்றிக் கடித்தாலோ, எச்சில் வழிய விழுங்க இயலாமல் தவித்தாலோ, அதன் வெப்பத்தை அளக்க முயலாதீர்கள், வாயில் கைவிடாதீர்கள். அது வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம். கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தில் எச்சில் பட்டாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. எல்லாத் தவணைகளையும் குறித்த நாளில் போட்டுக்கொள்ளுங்கள். இந்நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. “குட்டிதானே” என்று காலம் தாழ்த்த வேண்டாம் என உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.