"எந்த வரி?"

கணினி நிரலாளரான ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலைத் தமது இணையதளத்தில் தொடராக வெளியிட்டார். வாசகர்கள் காட்டிய அறிவியல் பிழைகளைத் திருத்தினார். 2011இல் தாமே மின்னூலாக்கினார். கிண்டிலில் விலை 99 சென்ட்டாக இருந்தது. 2014இல் பதிப்பகம் அச்சிட்டது. ஒரு குறை நின்றது. செவ்வாயின் காற்றழுத்தம் புவியினுடையதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கு வீசும் புயல் விண்கலத்தைச் சாய்க்காது. வியரும் அதை ஒப்புக்கொண்டார். கதைக்குத் தேவை என்று விட்டுவிட்டார்.

நம் வகுப்புச் சுவரிதழில் ஒரு கதை ஒட்டியதும் 'மொக்கை' என்று யாரேனும் கிறுக்குவதுண்டு. அத்தோடு அந்த மாணவி எழுதுவதையே நிறுத்திவிடுகிறாள். கிறுக்கலை அழிக்குமுன், "எந்த வரி?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். வரியைக் காட்டினால் திருத்தட்டும், அல்லது காரணம் சொல்லி விடட்டும். காட்டாதவருக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.