நீரிழிவுச் சிகிச்சையில் மருந்தாளுநரின் பங்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோய்க்கு முந்திய நிலையில் உள்ளனர். இத்தனை பேருக்கும் வாழ்நாள் முழுவதும் வழிகாட்டும் பொறுப்பை மருத்துவர்கள் மட்டுமே சுமக்க இயலாது. மருந்தாளுநர்களை இப்பணிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே இன்றைய கேள்வியாகும்.

புனே காட்டும் உண்மை

புனே அருகிலுள்ள 6 கிராமங்களில், கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் தாய்மார்களையும் குழந்தைகளையும் ஆராய்ந்து வருகின்றனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரில் அது 3.5 கிலோ. எடை குறைந்திருந்தும், இக்கிராமக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்த அளவிற்குக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த உடலினர்க்கு நீரிழிவு வாராது என்ற எண்ணம் தவறு என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று.

கல்வியின் நிலை

1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற, 2 ஆண்டுப் பட்டயமும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் குறைந்தபட்சத் தகுதியாகும். 2008-இல் 6 ஆண்டு ஃபார்ம்.டி. படிப்பு அறிமுகமாயிற்று. புனேயில் 1981-இல் தொடங்கப்பெற்ற பூனா மருந்தியல் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. இதன் மாணவர் மருத்துவமனை வார்டுகளில் பயில்கின்றனர். இறுதி ஆண்டு முழுவதும் பயிற்சிக் காலமாகும். எனினும் நீரிழிவு, பல நோய்களுள் ஒன்றாகவே பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. தனிச் சிறப்புப் பயிற்சி இதன் அடுத்த படியாக அமைதல் வேண்டும்.

பயிற்சியின் உள்ளடக்கம்

சிறு பிழையும் பெருங்கேடு விளைக்கும் துறை இது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும், 100 அலகு கொண்டதும் விற்பனையாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஊசிக்குழல் வேறு. 40-க்குரிய குழலில் 100-க்குரிய மருந்தை ஏற்றினால், 20 அலகு என்று எண்ணுபவர் உடலில் 50 அலகு சேரும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருந்தைக் கொடுக்குமுன் குப்பியையும் குழலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே மருந்தாளுநர் கற்க வேண்டிய முதற்பாடம்.

அடுத்து, பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காத்தல். ஊசி போடும் இடத்தை மாற்றி வருதல். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் உடனே 15 கிராம் சர்க்கரை தந்து, 15 நிமிடத்திற்குப் பின் மீண்டும் சோதித்தல் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கும் திறன் வேண்டும். புனே மாணவர்க்கு இது மராத்தியில் பேசும் பயிற்சியையும் குறிக்கும். நோயைக் கண்டறிதலும் மருந்தை மாற்றுதலும் மருத்துவரின் பணியே. ஐயம் எழும்போது நோயாளியை அவரிடம் அனுப்பி வைப்பதும் பயிற்சியின் ஒரு கூறாகும்.

செலவும் பயனும்

அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் 1990-களின் பிற்பகுதியில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நகராட்சி ஊழியரான நீரிழிவு நோயாளிகளுக்கு ஆலோசனை வழங்கினர். அதற்குரிய ஊதியத்தை வேலையளித்தோரே தந்தனர். மருந்துச் செலவு கூடியது. ஆயினும் மொத்த மருத்துவச் செலவு குறைந்தது. நோய் விடுப்பு நாட்களும் குறைந்தன.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நோயாளிக்கு விளக்கம் அளித்தலை 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் பணி விதிமுறைகள் கடமையாக்கியுள்ளன. ஆனால் கடையின் வருவாய் மருந்து விற்பனையிலிருந்து கிடைக்கிறது. ஆலோசனைக்குச் செலவிடும் கால் மணி நேரத்திற்கு வருவாய் ஏதுமில்லை. இந்நிலை நீடிக்குமாயின், சிறப்புப் பயிற்சி பெற்றவரும் விற்பனையாளராகவே முடிவர். ஆகவே, அரசு மருத்துவமனைகளிலும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்திலும் அவர்களுக்கெனப் பணியிடங்களை உருவாக்குதல், பாடத்திட்டத்தைத் திருத்துவதைப் போன்றே இன்றியமையாதது. பயிற்சியும் பணியிடமும் ஒருங்கே அமைந்தால்தான் கல்விக்கென நாடு செய்யும் செலவு நோயாளியைச் சென்றடையும்.